மூன்றாவது மெஷின்

நான் பார்த்து வாங்கிய இரண்டு மெஷினும் என் வீட்டுக்காரியைக் கொல்லப் பார்த்தன. அதுதான் நடந்தது. இதற்கு மேலும் என்னிடம் எந்த வாஷிங் மெஷின் வாங்கலாம் என்று கேட்பீர்களா? கேட்பீர்கள். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்.

உட்காருங்கள், தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். டி.வி. கவரைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வீட்டுக்குப் புதிதாக வந்தவர்தானே? யார் அனுப்பியது? போஸ்ட்மேன் அற்புதமா? அவனுக்கு வேறு வேலை இல்லை. "ரேடியோக்கடைத் திருவேங்கடத்தைக் கேளுங்க, தப்பே வராது" என்றிருப்பான். இந்த ராஜபாளையத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வருஷம் கடையில் நின்றவன் நான். கடை முதலாளியுடையது. ஆனால் பொருளைக் காட்டுவது நான். கல்யாணச் சீர் வாங்க வருகிறவர்கள் முதலாளிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே என்னிடம் வருவார்கள். ஃபேன், மிக்ஸி, கிரைண்டர், ஸ்டெபிலைசர், டி.வி. எதுவானாலும்.

என் வழி என்ன தெரியுமா? தூக்கிப் பார்ப்பேன்.

அவ்வளவுதான். விளம்பரம் படிக்க மாட்டேன். நட்சத்திரம் எத்தனை ஒட்டியிருக்கிறான் என்று எண்ண மாட்டேன். இரண்டு கையாலும் தூக்குவேன். கனத்தால் உள்ளே செம்பு. கனக்காவிட்டால் அலுமினியக் கம்பி, பிளாஸ்டிக்கு, மிச்சம் காற்று. காற்றை எவனாவது விலை கொடுத்து வாங்குவானா?

நான் வாங்கினேன். காற்று வாங்கத்தான் மெஷின் வாங்கினேன். அது பிறகு.

இன்னும் கேளுங்கள். தொட்டால் எரிகிற சுவிட்சு உள்ள பொருள் வேண்டாம். திருகுகிற சுவிட்சு வாங்கு. பேசுகிற பொருள் வேண்டவே வேண்டாம். ஆடித் தள்ளுபடியில் வாங்காதே. போன வருஷச் சரக்கை இந்த வருஷ அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவான். நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடைசியாக, வாங்கிய கையோடு கவர் தைத்துப் போடு. கவர் போட்ட பொருள் பத்து வருஷம் கூடுதலாக உழைக்கும். எங்கள் மிக்ஸிக்கு வயது இருபத்தாறு. ஒரு கீறல் காட்டுங்கள் பார்ப்போம்.

இருங்கள். குறுக்கே பேசாதீர்கள். வாஷிங் மெஷினுக்கு வருவேன்.

வீட்டுக்காரி மில்லில் வேலை பார்த்தவள். நூற்பு மில். முப்பத்தொரு வருஷம் சைடு பார்த்தாள். சைடு என்றால், நூல் சுற்றுகிற ஃபிரேம்கள் வரிசையாக நிற்கும். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும், பஞ்சு அடைத்தால் எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம். அதில் பறந்த பஞ்சில் பாதி அவள் நெஞ்சுக்குள் போய்விட்டது. படி ஏறினால் இளைப்பு. பிறகு நடந்தால் இளைப்பு. போன பங்குனியில் உட்கார்ந்தாலே இளைப்பு.

டாக்டர் பார்த்தார். "வீட்டுலயே ஆக்சிஜன் மெஷின் வெச்சுக்கங்க. நாளுக்குப் பதினாறு மணி நேரம் மாட்டணும். அதிகம் பேச விடாதீங்க" என்றார்.

பேச விடாதீங்க. அதை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த மெஷின் பார்த்திருக்கிறீர்களா? இடுப்பு உயரம், சக்கரம் வைத்த பெட்டி. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, வடிகட்டி, ஆக்சிஜனை மட்டும் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகாது. கரண்ட் இருந்தால் போதும். கடையில் மூன்று வைத்திருந்தான். மூன்றையும் தூக்கினேன். கடைக்காரப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும். எது அதிகம் கனத்ததோ அதை வாங்கினேன்.

எட்டு நாள் ஒழுங்காக ஓடியது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற சின்ன மெஷின் இருக்கிறதே, அதில் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றைந்து. அவள் எழுந்து அடுப்படி வரை போனாள். ரசம் வைத்தாள். நான் தெருவெல்லாம் சொன்னேன், கனமான பொருள் கனமான பொருள்தான் என்று. அதற்குள் கவரும் தைத்து வந்துவிட்டது. கார் சீட்டுக்குத் தைக்கிறானே, அவனிடம் கொடுத்தேன். மெரூன் ரெக்சின். ஓரமெல்லாம் பைப்பிங். குழாய்க்கு ஒரு ஓட்டை, திருகுக்கு ஒரு ஓட்டை, வயருக்கு ஒன்று. முன்னால் விளக்குத் தெரிய ஒரு ஜன்னல். மாட்டினால் அளவெடுத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. சந்தனம் குங்குமம் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூவென்று சத்தம். விரலில் எண்பத்தெட்டு.

சித்திரை மாசம், நல்ல வெயில். தொட்டுப் பார்த்தேன், சூடு. ஓடுகிற மெஷின் சூடாகத்தான் செய்யும். வோல்டேஜ் சரியில்லை என்று முடிவு செய்தேன். ஸ்டெபிலைசர் வாங்கினேன். இரண்டு பேர் பிடித்துத் தூக்கினோம், அவ்வளவு கனம். மறுநாள் மறுபடி மஞ்சள். விரலில் எண்பத்தைந்து. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இரண்டு நாளில் தெளிந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தோம். சாயங்காலத்துக்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ஜெபமணி என்று ஒருவன். கையெல்லாம் எண்ணெய். அவன் வருகிறான் என்று தெரிந்ததும் கவரைக் கழற்றி மடித்து பீரோவுக்குள் வைத்துவிட்டேன். அந்தக் கையால் ரெக்சினைத் தொட்டால் கறை போகாது. அவன் மெஷினைத் திறந்து பார்த்தான், மூடினான், ஓட விட்டான். ஒரு மணி நேரம் உட்கார்ந்தே பார்த்தான்.

"அய்யா, மெஷின் நல்லாத்தான் இருக்கு."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லலீங்கய்யா. லைட் பச்சையாத்தான எரியுது."

"நீ இருந்தா பச்சை. நீ வர்ற வரைக்கும் மஞ்சள். உன்னை இங்கேயே கட்டிப் போடட்டுமா?"

அவன் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே பையை எடுத்தான். வாசலில் நின்று கேட்டான்: "சுவரோட ஒட்டி வெக்கிறீங்களா?"

"ரெண்டடி தள்ளி வெச்சிருக்கேன். பார்த்தேல்ல?"

"மேல துணி கிணி போடுறீங்களா?"

"ஏண்டா, நாப்பது வருஷம் கடையில நின்னவன். என்கிட்டயா கேக்குற?"

துணி போடவில்லையே. ரெக்சின்தானே.

அப்போது கட்டிலில் இருந்து அவள் கையைத் தூக்கினாள். "ஏங்க... அந்த..." என்றாள். பீரோப் பக்கம் விரலை நீட்டினாள். நான் ஓடிப்போய்க் கையை இறக்கினேன். "பேசாதே. டாக்டர் என்ன சொன்னார்? மூச்சை வீணாக்காதே." வாயை மூடிக்கொண்டாள். ஜெபமணி போனான். நான் கவரை எடுத்து மாட்டினேன். அரை மணி நேரத்தில் மஞ்சள்.

இப்படி மூன்று தடவை வந்தான், தம்பி. மூன்று தடவையும் பச்சை. மூன்றாம் தடவை நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "கம்பெனிக்காரன் கிட்ட கைநீட்டிட்டு வந்து என் வீட்டுக்காரியைச் சாகடிக்கிறியா?" என்று கேட்டேன். அவள் படுத்துக்கொண்டே பார்த்தாள். அழுதாள். மெக்கானிக்குக்காக ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

அந்தக் கம்பெனி திருட்டுக் கம்பெனி என்று ஊரெல்லாம் சொன்னேன். இரண்டாவது மெஷின் வாங்கினேன். வேறு கம்பெனி. முதல் மெஷினை விடக் கனம். மூன்று நாள் பிரமாதமாக ஓடியது. கவர்க்காரனுக்குக் கல்யாண சீசன், கார் வேலை நிறைய. அதனால் மூன்று நாள். நாலாம் நாள் கவரைக் கொண்டுவந்தான். இந்தத் தடவை நீலம்.

சொல்ல வேண்டுமா? மஞ்சள் விளக்கு.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்காதீர்கள். அவள் ஒருத்திதான். நாள் முழுக்க அந்தப் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். விளக்கைப் பார்ப்பேன். அவள் விரலைப் பார்ப்பேன். எண்பத்தாறு. எண்பத்து நாலு. மறுபடி விளக்கு. கும்பிட்டேன் தம்பி, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கற்பூரம் காட்டி அந்த மெஷினைக் கும்பிட்டேன். கவர் அழுக்காயிருந்தது என்று ஈரத்துணியால் துடைத்தும் விட்டேன்.

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பெரியவரே, மெஷினைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. நுரையீரலே இவ்வளவுதான்னு நினைக்கிறேன். வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்க" என்றார்.

வெச்சுப் பாத்துக்கங்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ரிப்பேர் ஆகாத டி.வி.யைக் கொண்டுவருகிறவனிடம் நானும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். இருக்கிற வரைக்கும் ஓட்டுங்க.

வீட்டுக்கு வந்ததும் அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "பின்னால..." என்றாள். மூச்சு அடைத்தது. மறுபடி, "பின்னால பா..." நான் நினைத்தேன், தனக்குப் பின்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்கிறாள் என்று. எனக்குத் தாங்கவில்லை. "பேசாதே" என்று கத்தினேன். கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் காலையில் முடிவு செய்தேன். மதுரையில் ஒரு கடையில் வெளிநாட்டு மெஷின் இருப்பதாகக் கேள்வி. போய்த் தூக்கிப் பார்த்து வாங்கி வந்துவிடுவது. நம்பிக்கை எல்லாம் கிடையாது. சும்மா உட்கார்ந்து அவள் விரலைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மெடிக்கல் கடையில் ஒரு சின்ன சிலிண்டர் எடுத்து மாட்டினேன். "ஆறு மணி நேரம் வரும்" என்றான் கடைக்காரன். மெஷினை நிறுத்திவிட்டேன். கவரைச் சரியாக இழுத்துவிட்டேன், தூசி படக் கூடாது. கீழ் வீட்டுத் தங்கபுஷ்பத்தைக் கூடவே உட்காரச் சொன்னேன். எட்டரைக்கு பஸ். போக இரண்டேகால் மணி, வர இரண்டேகால் மணி. கடையில் அரை மணி. கணக்கு சரியாக இருந்தது.

மதுரையில் தூக்கிப் பார்த்தேன். என்னால் தூக்க முடியவில்லை. அதையே கொடு என்றேன். கடையைத் தேடி, பில் போட்டு, பஸ் பிடிப்பதற்குள் என் கணக்குக்கு மேல் ஒரு மணி நேரம் போய்விட்டது.

திரும்பும்போது கண்டக்டர் பெட்டியைப் பார்த்தான். "பெருசு, இது என்ன ஆட்டுக்கல்லா? பின்னால ஏத்துங்க."

"மடியிலதான் வெச்சுக்குவேன்."

"கால் உடைஞ்சிரும்யா."

"என் கால். உனக்கென்ன?"

டி.கல்லுப்பட்டி தாண்டி பஸ் நின்றது. முன் டயர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. எல்லோரும் இறங்கி வேப்பமர நிழலில் நின்றார்கள். நான் இறங்கவில்லை. மணி ஒன்றரை. இரண்டரைக்கு சிலிண்டர் தீரும். டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "அய்யா, நானா குத்தி விட்டேன்?" என்றான். தங்கபுஷ்பத்துக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பதினொரு தடவை. ரேஷன் கடையில் பாமாயில் போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, ஒரு எட்டு வாங்கிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாளாம், போனை வீட்டில் வைத்துவிட்டு. பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது மணி அடிப்பது மட்டும்தான்.

பின்னால் வந்த பஸ்ஸில் இடமில்லை. படியில் நின்றேன், பெட்டியை இரண்டு காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு. ஒரு பொம்பளை, "பெரியவர் அழுறாரு, உக்கார இடம் குடுங்கப்பா" என்றாள். நான் அழவில்லை, வெயில்.

இரண்டரை மணிக்கு கிருஷ்ணன்கோவில்தான் வந்திருந்தது. அங்கே என் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

வீட்டு வாசலுக்கு வரும்போது என்ன மணி என்று பார்க்கவில்லை. ஆட்டோக்காரன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. தள்ளினால் திறக்கும். என்னால் தள்ள முடியவில்லை, தம்பி. இருபது வயதிலிருந்து கனம் தூக்கின கை இது. ஒரு பலகைக் கதவைத் தள்ள முடியவில்லை. உள்ளே சத்தமே இல்லை. இருமல் இல்லை. இளைப்பு இல்லை. இரண்டு மாதமாக அந்தக் கூவென்ற சத்தத்தைச் சபித்தவன், அது கேட்காதா என்று நின்றேன்.

அப்புறம் கேட்டது. டக்... புஸ். டக்... புஸ். மெஷின் ஓடுகிற சத்தம். அதுவும் முன்பு மாதிரி முக்கிக்கொண்டு இல்லை. சீராக. கடையில் புதிதாக ஓட்டிக் காட்டும்போது எப்படி இருந்ததோ அப்படி.

கதவைத் திறந்தேன்.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் காலில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு. நீல ரெக்சின் ஒரு ஓரமாகச் சுருண்டு கிடந்தது. மெஷினைத் திருப்பி முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அங்கே ஒரு சல்லடை, அதற்குள் ஒரு ஸ்பாஞ்சு. நான் அதைப் பார்த்ததே இல்லை. அந்த வழியாகத்தான் அது காற்றை இழுக்கிறதாம். நான் முன்பக்கமும் விளக்குமாகவே இருந்திருக்கிறேன். இந்த ஊர்க் காற்றில்தான் பஞ்சு பறக்கிறதே, ஸ்பாஞ்சு முழுக்க அடைத்திருந்தது. அதை எடுத்து, சுரண்டி, தட்டித் திரும்பப் போட்டிருந்தாள். சுரண்டிய பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித் தரையில் வரிசையாக வைத்திருந்தாள். மில்லில் அப்படித்தான் உருட்டுவார்களாம். ஒன்பது உருண்டை. எண்ணினேன். எதை எண்ணுவது என்று தெரியாமல் அதை எண்ணினேன்.

விளக்குப் பச்சை. விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று.

சிலிண்டர் தீர்ந்ததும் நாலு அடி தவழ்ந்திருக்கிறாள். நாலே அடி. நடுவில் இரண்டு தடவை படுத்துவிட்டாளாம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நின்று, "யார் கவரைக் கழட்டச் சொன்னது?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

அவள் நிதானமாகப் பேசினாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக முழுசாகப் பேசினாள். "மில்லுல நூலு அந்து அந்து போனா, சைடு பாக்கிறவ முன்னால நிக்க மாட்டா. பின்னால போய்த்தான் பாப்பா, எங்க பஞ்சு அடைச்சிருக்குன்னு. இது மூச்சு விடுற மெஷினுங்க. நீங்க அது மூக்கைப் பொத்திச் சட்டை தைச்சுப் போட்டீங்க. சத்தம் மாறிருச்சு. மொத நாளே மாறிருச்சு. ஜெபமணி வரையில சட்டையக் கழட்டுவீங்க, அது நல்லா மூச்சு விடும். அவன் போனதும் மாட்டுவீங்க, அது முக்கும். நான் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"மூணு தடவை சொன்னேன். பேசாதேன்னீங்க."

வாசலில் கிடந்த பெட்டியைத் தங்கபுஷ்பம்தான் உள்ளே இழுத்துப் போட்டாள், பாமாயில் பாக்கெட்டோடு வந்து அழுதுகொண்டே.

அந்த மூன்றாவது மெஷின் பரணில் இருக்கிறது. பிரிக்கவில்லை. முதல் மெஷினை ஜெபமணி எடுத்துப் போய் யாரோ ஒரு ஏழைக்குக் கொடுத்துவிட்டான், அங்கே ஜம்மென்று ஓடுகிறதாம். அவன் வந்தால் காபி கொடுக்கிறேன். சட்டையைப் பிடித்ததற்கு மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. சர்க்கரை கூடுதலாகப் போடச் சொல்வேன். புரிந்துகொள்வான்.

டி.வி. கவரா? அது இருக்கட்டும். டி.வி.க்கு எதற்கு மூச்சு?

இன்னொன்று சொல்கிறேன், பிறகு நீங்கள் பேசலாம். இவளை நான் முதலில் பார்த்ததே கடையில்தான். மில் போனஸில் டிரான்சிஸ்டர் வாங்க வந்தாள். நான் கனமானதாக ஒன்றை எடுத்து நீட்டினேன். கையில் வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த லேசான ஒன்றையும் எடுக்கச் சொல்லி, இரண்டையும் பாட வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டாள். "லேசா இருக்குற இதுதான் கரகரன்னு இல்ல" என்றாள். நான் சிரித்தேன். கனமானதைத்தான் கட்டிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் ரிப்பேருக்குக் கொண்டுவந்தாள். அப்படித்தான் பழக்கம். நாற்பத்து மூன்று வருஷமாக இந்தக் கதையை எல்லோரிடமும் சொல்கிறேன், நான் அவளை எப்படிப் பிடித்தேன் பார் என்று. இந்த வைகாசியில்தான், ஸ்டூலில் உட்கார்ந்து அந்த டக், புஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த லேசான டிரான்சிஸ்டர் ஞாபகம் வந்தது.

ஆகையால் வாஷிங் மெஷினை என்னிடம் கேட்காதீர்கள். நான் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். எனக்கு வேறு தெரியாது. எந்தக் கடை என்று முடிவு செய்யுங்கள். ஓட விட்டு, போனில் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். உள்ளே ஒருத்தி இருக்கிறாள், கேட்டுச் சொல்வாள். பேசுவாள். இப்போது நன்றாகப் பேசுகிறாள். நான்தான் பழகிக்கொண்டிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு கேட்க.

இருங்கள், கூப்பிடுகிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து 'இந்தா' என்றுதான் கூப்பிட்டேன். பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. இப்போது சொல்கிறேன். தினமும் சொல்கிறேன்.

சீனியம்மா! ஏ, சீனியம்மா!